ஒன்றாம் எண் சட்டை

அண்ணனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு ஊச்சு கடையைத் திறந்தாள். நாற்பது பொட்டலம் அஞ்சலுக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் திறந்தேன் என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கீழே துணி துவைக்கும் கடையில் இயந்திரத்தில் காசு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

எங்கள் வரிசைக் கடைகளில் அப்போது இதுதான் பேச்சு. சாப்பாட்டுக் கடைக்காரர் முதல் சாவி வெட்டுகிறவர் வரை என்னிடம் வந்து, அவள் அழுதாளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுதால் இவர்களுக்கு என்ன, அழாவிட்டால் என்ன? ஆனால் ஒரு மாதம் போய் இரண்டு மாதம் ஆனபோது நானும் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் கோலாலம்பூரில் பண்டான் இண்டா பக்கம் பத்தொன்பது வருடமாகச் சட்டைகளுக்குப் படம் அச்சடிக்கிறேன். சுகுமாறன் என்ற பெயர் மின்சாரக் கட்டணத் தாளில் மட்டும்தான் வரும். மற்றபடி மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் நான் அன்னே; அண்ணே என்பது அவர்கள் வாயில் அப்படித்தான் வரும். என் பட்டறை மாடியில். அதே மாடியில் எனக்கு அடுத்த கதவு 'தெப்பி ஜாலான்'. சாலையோரம் என்று பொருள். சட்டைக்கு வைத்த பெயர் அது. வைத்தவன் யோப்.

பேராக் பக்கத்து வீடுகளில் மூத்தவனை யோப் என்பார்கள், கடைசிப் பிள்ளையை ஊச்சு என்பார்கள். பாரிட் என்ற ஊரில் ஐந்து பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் முதலும் கடைசியும் இவர்கள் இரண்டு பேர். அடையாள அட்டையில் அவன் ஷாருல்நிசாம், அவள் நோர்ஹஸ்லினா. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஊச்சு பத்தொன்பது வயதில் கோலாலம்பூருக்கு வந்து, செராசில் ஒரு பேரங்காடியில் எட்டு வருடம் பில் போட்டாள். நடுவில் காஜாங்கைச் சேர்ந்த ஒரு பஸ் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அது இரண்டரை வருடம். அதைப் பற்றிக் கேட்டால், "அதுவும் ஒரு வேலை மாதிரிதான், ஒத்து வரல" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. விவாகரத்து ஆன வாரம் யோப் அவளைக் கூட்டிவந்து என் கண் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "இனிமே இவதான் மடிப்பா" என்றான். பதினொரு வருடமாக மடித்துக்கொண்டிருக்கிறாள்.

யோப்பைப் பற்றிச் சொல்வதென்றால் வாயாடி, பிடிவாதக்காரன், நல்ல தொப்பை. ஆரம்பத்தில் பழைய காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்து, சறுக்குப்பலகை ஓட்டுகிற பையன்களிடம் விற்றான். வெளிநாட்டுச் சட்டைகளைப் பார்த்து அடிக்கிற பழக்கம் அவனிடம் இல்லை. பிசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி விற்கிறவளின் கிழிந்த குடை, லாரிச் சக்கரத்தின் பின்னால் தொங்கும் ரப்பர், பள்ளத்தில் யாரோ நட்டுவைத்த வாழைக்கன்று. சாலையோரத்தில் கண்ணில் பட்டதுதான் படம். கறுப்பு மையில் இன்னும் கொஞ்சம் சாம்பல் வேண்டும் என்று என் உயிரை எடுப்பான். நாலு தடவை அடித்துக் காட்டினால் முதலில் அடித்ததே தேவலாம் என்பான். எத்தனையோ முறை வாளியைத் தூக்கி அவன் தலையில் ஊற்றலாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் சட்டை விற்றது. இந்த ஊரில் இப்போது இருபது முப்பது பேர் இப்படிச் சொந்தப் பெயரில் சட்டை செய்து விற்கிறார்கள். எல்லார் கடையிலும் கண்ணாடி, வெள்ளைச் சுவர், செடி. யோப் கடையில் ஒரு அலமாரி, ஒரு மேசை. வருடத்துக்கு மூன்று முறை புதுச் சட்டை விடுவான். அதற்கு டிராப் என்று பெயர். ஒவ்வொரு டிராப்புக்கும் நூற்றைம்பது சட்டை. அதற்கு மேல் காலில் விழுந்தாலும் அடிக்க விடமாட்டான்.

வாங்குகிற நூற்றைம்பது பேருக்கும் எண் உண்டு. சட்டையின் அடி ஓரத்தில் உள்பக்கமாக அந்த எண்ணை நான்தான் குத்துவேன். எண் நிரந்தரம். ஏழாம் எண்காரர் என்றால் அவர் எப்போதும் ஏழு. இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆனபோது பெண்ணின் எண்ணும் மாப்பிள்ளையின் எண்ணும் அழைப்பிதழில் இருந்தது. ஒரு சட்டைக்கு இவ்வளவு அலம்பலா என்று எனக்குத் தோன்றும். சொன்னால் யோப் சிரிப்பான்.

பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் ஓடும். போன தடவைப் பட்டியலை அப்படியே எடுத்துக் குழுவில் போடுவார்கள். எண், பெயர், அளவு. வேண்டாம் என்கிறவர் பட்டியலை நகல் எடுத்து, தன் வரியை அழித்து, திரும்பப் போட வேண்டும். காலியான எண்ணைப் புது ஆள் பிடித்துக்கொள்ளலாம். கெண்டூரி விருந்துக்கு யார் என்ன சமைப்பது, சூரா என்கிற தொழுகைக்கூடத்தை யார் கூட்டுவது, ஃபுட்சால் பந்தாட்டத்துக்கு யார் வருவது என்று எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் இதே முறைதான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் போட்டால் ஒருவர் காணாமல் போவார், பிறகு சண்டை வரும். அதனால் யோப் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். தன் வரியைத் தான்தான் அழிக்கலாம், அடுத்தவன் வரியில் கை வைக்கக் கூடாது.

முதல் வரி எப்போதும் அவனுடையது. '1. யோப் – எக்ஸ்எல்.' கடைக்காரனே தன் சட்டைக்குப் பட்டியலில் பெயர் போடுவானா என்று கேட்டேன். முதல் சட்டை எனக்கில்லாமல் வேறு யாருக்கு என்றான். வெட்கம் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை ஃபுட்சால் ஆடும்போது யோப் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டான். நாற்பத்து நாலு வயது. இரண்டாம் எண்காரன் எட்ரூஸ்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். பாரிட்டில் அடக்கம். மூன்று நாள் ஓதினார்கள். வந்தவர்களுக்கு ஊச்சு கோப்பி ஊற்றினாள். மூன்றாம் நாள் ஓதலைத் தாய்க்காரியிடம் விட்டுவிட்டு, அன்று விடியுமுன்பே பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள்.

அதன் பிறகு ஆறு மாதம் அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், மடித்தாள். தேர்தல் சுவரொட்டி ஒட்டிய பிளாஸ்டிக் அட்டையை வெட்டி யோப் செய்துகொடுத்த மடிப்புப் பலகை அவளிடம் உண்டு. யாரோ ஒரு வேட்பாளரின் பாதி முகம் அதில் இன்னும் இருக்கிறது. சட்டையைக் கவிழ்த்து, அந்தப் பாதி முகத்தை முதுகில் வைத்து, இடம், வலம், கீழே. மீதமிருந்த பழைய சட்டைகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு அதையே திரும்பவும் செய்தாள். மத்தியானம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்கி வருவாள், முட்டையைத் தின்பாள், சோற்றைக் கட்டி வைத்துவிடுவாள். பேசினால் பதில் வரும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். ஒரு நாள் என் பட்டறையில் மை காயவைக்கும் சூடான தட்டில் கையை வைத்துவிட்டாள். நான் பதறிப்போய் இழுத்தேன். அவள் கையைப் பார்த்து, "ஓ" என்றாள்.

ஒருமுறை அவளே சொன்னாள். "அன்னே, எனக்கு ஒண்ணும் தோணல. பல்லு புடுங்க மரத்துப்போக ஊசி போடுவாங்கல்ல, அது மாதிரி இருக்கு. தப்பா?" தப்பில்லை என்றேன்.

ஆறாம் மாதம் டிராப் போட வேண்டிய கட்டாயம் வந்தது. யோப் வரைந்துவைத்த படம் ஒன்று இருந்தது. கார் நிறுத்துகிற இடத்தைப் பிடித்துவைக்க வீட்டுக்காரர்கள் வாசலில் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் உடைந்தது. ஊச்சு அதை என்னிடம் கொண்டுவந்து, நூற்று நாற்பத்தொன்பது சட்டை என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒண்ணு வேண்டாம் அன்னே. வாங்கிக்க ஆள் இல்லாத சட்டைய எதுக்கு அடிக்கணும்?"

சரிதானே. ஆனாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை நேரம் இருக்கிறது, அப்போது பட்டியலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அடிப்பேன், இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இல்லை என்று சொன்னேன். பொறுப்பை அவள் தலையில் போட்டேன், வேறென்ன.

திங்கட்கிழமை காலை அவள் பட்டியலைக் குழுவில் போட்டாள். முதல் வரியில் எண் மட்டும் இருந்தது, பக்கத்தில் காலி. யோப்பின் வரியை அழித்திருந்தாள். செத்தவன் வந்து தன் வரியைத் தானே அழிக்க முடியாது, அதனால் நான் அழித்தேன் என்றாள். அதைச் சொல்லும்போதும் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அந்த இடத்தில் '1. வஹீதா – எம்' என்று வந்துவிட்டது. பத்து பகாட் என்ற ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எண் கிடைக்காதா என்று இரண்டு வருடமாகக் குழுவில் காத்திருந்தவள். யோப்பை அவள் பார்த்ததே இல்லை, காலி இடம் பார்த்தாள், உட்கார்ந்தாள். குழு சட்டென்று அமைதியாகிவிட்டது. வழக்கமாக ஒரு நிமிடத்துக்கு நாலு கேலி ஓடும் இடம் அது. எட்ரூஸ் ஊச்சுவைக் கூப்பிட்டுக் கத்தினான். காலி என்றால் காலிதான், சட்டம் அதுதானே என்றாள் இவள். யாரோ ஆசிரியையிடம் தனியாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவள் பதறிப்போய் வரியை அழித்து, எழுபது மன்னிப்புக் கேட்டு, குழுவைவிட்டே போகிறேன் என்றாள். ஊச்சு அவளுக்கு அன்று காலியாகியிருந்த எண்பத்தெட்டைக் கொடுத்தாள்.

இனி யாரும் உட்காரக் கூடாது என்று இந்த முறை எண்ணையே எடுத்துவிட்டாள். பட்டியல் இரண்டிலிருந்து ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை யோப் திரும்பி வந்தான். '1. யோப் – எக்ஸ்எல்.' யாரோ கைப்பேசியில் கிடந்த பழைய பட்டியலை எடுத்து, தங்கள் வரியைத் திருத்திப் போட்டிருந்தார்கள். ஊச்சு அழித்தாள். சாயங்காலம் இன்னொருவர் அழிப்பதற்கு முந்தைய நகலைப் போட்டார், யோப் மறுபடி வந்தான். அழித்தாள். புதன்கிழமை காலையில் மூன்றாவது முறை வந்தான்.

யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு நகலையும் பார்த்தேன். ஒருவருக்கும் எந்த எண்ணமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுக்கிறார்கள், மேலே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பட்டியல் என்றால் முதலில் யோப் இருப்பான், அவ்வளவுதான் அவர்களுக்கு. அதை அப்படியே சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு மடிக்கப் போனாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. எட்ரூஸை ஒன்றாம் எண்ணுக்கு ஏற்றிவிட்டால் என்ன என்று யோசனை சொன்னேன். ஆள் இருந்தால் யோப் வர மாட்டான் பாருங்கள். எட்ரூஸ் அன்றைக்கு அலுவலகத்திலிருந்து நேராக வந்து என் பட்டறை வாசலில் நின்றான். பெரிய உடம்புக்காரன். எல் சட்டையே அவனுக்கு இறுக்கமாக இருக்கும், அதற்கு மேல் வாங்கமாட்டேன் என்ற வீம்பு வேறு.

"எனக்கு ரெண்டு போதும் அன்னே," என்றான். அதற்குப் பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை இரவுக்குள் குழுவில் இரண்டு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. யோப் இருக்கிறது ஒன்று, யோப் இல்லாதது ஒன்று. அவரவர் கைக்கு வந்ததில் அவரவர் திருத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலை கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற அப்பாய், நாற்பத்தொன்றாம் எண்காரன், கன்டெய்னர் ஏற்றக் காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்காமல் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினான். காக் ஊச்சு, அதாவது ஊச்சு அக்கா, ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள், அவளுக்கு ஓர் உதவி என்று நினைத்திருக்கிறான். ஒரு பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து ஒரு பக்கம் போட்டான், இன்னொன்றிலிருந்து அளவுகளை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினான். அழகாக அடுக்கி, குழுவில் போட்டு, கீழே ஒரு பூவும் வைத்தான்.

மத்தியானம் ஒன்றரை மணி. ஆண்கள் எல்லாரும் வெள்ளித் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மாடியில் நானும் ஊச்சுவும்தான். எண் குத்துகிற இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கதவு சுவரில் அடித்துத் திறந்தது.

"எல்-னு போட்டிருக்கான்," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். '1. யோப் – எல்.'

"யோப்புக்கு எல்-ஆம்! எவன் பாத்த வேலை இது? அவன் எப்ப எல் போட்டான்? ஒரு ஹரி ராயாப் பெருநாளுக்குப் பந்தாவா எல் எடுத்துட்டு வந்தான், ஞாபகம் இருக்கா? கையத் தூக்குனா தொப்புள் தெரியும். பாரிட் வரைக்கும் மோட்டார் சைக்கிள்ல பின்னாடி உக்காந்துட்டுப் போனவ நான். அந்த அசிங்கத்த முழுக்கப் பாத்தவ நான். எக்ஸ்எல் அன்னே அவன். சின்ன வயசுலேர்ந்து எக்ஸ்எல். அதுகூடத் தெரியாம இவனுங்க என்ன கூட்டாளிங்க?"

ஆறு மாதத்தில் அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்கவில்லை. முகம் சிவந்து, முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அங்கேயே மை வாளியின் மேல் உட்கார்ந்து, பட்டியலை நகல் எடுத்து, முதல் வரியைத் திருத்தினாள். கட்டைவிரலால் எழுத்தெழுத்தாக அழுத்தி அடித்தாள். '1. யோப் – எக்ஸ்எல்.' குழுவுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து அழித்துக்கொண்டிருந்தவள்.

"நானே போட்டுட்டேன்," என்றாள்.

"பாத்தேன்."

"அழிச்சிரட்டுமா?"

பட்டியலை எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. எட்ரூஸுக்கு எம் போட்டிருந்தது. எல்லுக்குள்ளேயே பிதுங்குகிறவன் எம்முக்குள் எப்படிப் போவான்? மூன்றாவது வரியும் தப்பு, நான்காவதும் தப்பு. அளவு எல்லாம் ஒவ்வொரு வரி மேலே ஏறியிருந்தது. அப்பாய் பெயர்களை யோப் இருக்கிற பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறான், அளவுகளை ஊச்சு யோப்பை அழித்த பட்டியலிலிருந்து. கடைசி ஆளுக்கு அளவு இல்லாமல் போனதும், மறந்துவிட்டாராக்கும் என்று அவரிடமே கேட்டு நிரப்பியிருக்கிறான் அந்த மகாபுத்திசாலி.

அந்தப் பட்டியலை வைத்து நான் அடித்திருந்தால் சட்டைகளின் எண்ணிக்கையில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. எண்ணைக் குத்தியிருப்பேன், இவள் மடித்திருப்பாள், வந்தவர்கள் வீட்டில் போய்ப் போட்டுப் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. யோப்பின் வரி ஒன்றைத் தவிர வேறு எதையும் இவள் கண்ணெடுத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

ஊச்சு அப்பாயைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"ஏண்டா, கன்டெய்னரையும் இப்படித்தான் ஏத்துறியா? ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் தலையில?"

அவன் ஏதோ கெஞ்சினான். இவள் விடவில்லை. பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிற்பாடு அப்பாய் பார்க்கிறவர்களிடம் எல்லாம், காக் ஊச்சு என்னைத் திட்டினாள், நன்றாகத் திட்டினாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பரிசு விழுந்தவன் மாதிரி.

அன்று சாயங்காலம்வரை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். முதல் வரியை அழிப்பதா வேண்டாமா என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்காத பேச்சுக்கு என் அர்த்தத்தை நான் வைத்துக்கொண்டேன். நூற்றைம்பது அடித்தேன். ஒன்றாம் எண்ணைக் கடைசியாகக் குத்தினேன்.

வேலை முடிந்ததும் அவள் பழையபடி ஆகிவிட்டாள். அந்த ஒரு மத்தியானம் வந்த சூடு எங்கே போனதோ தெரியாது. ஊசி மருந்து நடுவில் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறிவிட்டது போல.

அடுத்த வாரம் சனிக்கிழமை வாங்கிப்போகும் நாள். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். சட்டையை வாங்கியவர் பட்டியலில் தன் வரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் போட வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் அஞ்சலில் வந்ததும் போடுவார்கள். ஆசிரியை வஹீதா பத்து பகாட்டிலிருந்து பஸ்ஸில் நேரிலேயே வந்தாள். எண்பத்தெட்டை வாங்கிக்கொண்டு, அலமாரியில் மேல் தட்டில் தனியாக இருந்த ஒன்றாம் எண்ணைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க மறுபடி வாயெடுத்தாள். ஊச்சு அவளுக்கு ஒரு பை கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அனுப்பிவைத்தாள்.

பத்து நாளில் நூற்று நாற்பத்தொன்பது பச்சை வந்துவிட்டது. முதல் வரி மட்டும் வெறுமனே இருந்தது.

இந்த இடத்தில் யோப்பின் இன்னொரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். முப்பது நாளில் வாங்காத சட்டை, கடைக்கு வந்து கேட்கிற யாருக்கும் போகும். அவன் கையெழுத்திலேயே மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. அவனுடைய சொந்த மச்சானின் சட்டையையே அப்படிக் கொடுத்திருக்கிறான், குடும்பத்தில் பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது. இப்போது சட்டை சேர்க்கிற ஆட்கள் சிலருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. செத்தவனின் கடைசிப் படம், அதில் ஒன்றாம் எண். கேட்க ஆரம்பித்தார்கள். விற்பனைக்கு இல்லை என்று ஊச்சு சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "முப்பது நாள் ஆகட்டும்," என்றாள்.

எனக்குப் பகீர் என்றது. இவள் செய்தாலும் செய்வாள். சட்டம் அதுதானே என்ற அந்தக் குரலில் தூக்கிக் கொடுத்துவிட்டு மடிக்கப் போய்விடுவாள். இருபதாம் நாள் ஒருமுறை மெல்ல, அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடேன் என்றேன். "என் எண் இல்லையே அன்னே," என்றாள். பதினொரு வருடம் மடித்தவளுக்கு ஓர் எண் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கேட்டிருந்தால் யோப் கொடுத்திருப்பான். அவள் கேட்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் ஒரு திங்கட்கிழமை. கடை ஏழு மணிக்கு மூடும். ஐந்து மணிக்கே சுபாங்கிலிருந்து ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மரியாதையான ஆள்தான், நல்ல காலணி. ஏழாகட்டும் என்று காத்திருந்தார். எனக்கு வேலை ஓடவில்லை. ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு ஊச்சுவின் மேசைப் பக்கம் போய் நின்றேன்.

ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊச்சு எழுந்து மேல் தட்டிலிருந்து சட்டையை எடுத்தாள். அந்த ஆளும் எழுந்தார். அவள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். தானே மடித்ததைப் பிரித்தாள். போட்டிருந்த சட்டைக்கு மேலேயே, முக்காட்டோடு, தலைவழியாக அதை மாட்டிக்கொண்டாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் பட்டியலில் முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் போட்டாள்.

"வாங்கியாச்சு, பாங்," என்று அண்ணன் முறை வைத்து அந்த ஆளிடம் சொன்னாள். "வீட்ல ஆளுங்க வந்து வாங்கிக்கலாம், சட்டத்துல இருக்கு."

அப்படி ஒரு சட்டம் நான் கேட்டதில்லை. சுபாங்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சட்டை அவளுக்கு முட்டிவரை தொங்கியது. கைகள் முழங்கைக்குக் கீழே இறங்கி நின்றன. உடைந்த நாற்காலி அவள் வயிற்றில் மடிந்து கிடந்தது. கண்ணாடி இல்லாததால் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பப் பெரிசா இருக்கு அன்னே."

"எக்ஸ்எல்லாச்சே."

"அந்த அப்பாய் போட்டதையே விட்டிருக்கலாம். எல்-னா எனக்குச் சரியா இருந்திருக்கும்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். ஏழு மாதத்து அழுகை, சத்தமாக, கீழே துணி துவைக்க வந்தவர்களுக்குக் கேட்கும்படி. யோப், யோப் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்த மடையன் மேல் எனக்கு இருந்த பிரியத்தை அவன் இருக்கும்போது ஒரு நாளும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தப் புதுச் சட்டையின் தொங்கும் ஓரத்தைத் தூக்கி மூக்கைத் துடைத்தாள், எண் குத்தியிருந்த இடம். துவைக்காத சட்டை, ஈரத்தில் மை இழுத்துவிடும் என்று சொல்ல வாய்வரை வந்தது.